மௌனத்துக்குப் பிறகு என்ன வாசித்தார்கள்?

தம்பிக்கு,

நேற்றுக் காலை பொண்டி வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போது, ரயிலுக்குள் கால் வைக்க இடமில்லாமல் நசிந்துகொண்டு நின்ற நேரத்தில் உன்னுடைய செய்தி வந்தது. பிரெஞ்சில் ஒரே ஒரு வரி. “அம்மா, கலியாணத்துக்கு வருகிறீர்களா, இல்லையா?” அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வழக்கமாக நீ போடும் அந்த முத்தம் கொடுக்கிற மஞ்சள் முகம்கூட இல்லை. கார் து நோர் ஸ்டேஷனில் இறங்கி ரூ லூயி-பிளாங் தெருவில் எங்கள் உணவகம் வரைக்கும் நடக்கிற நேரத்தில் மூன்று பதில் யோசித்தேன். மூன்றும் சண்டையில்தான் முடிந்தன. போனைப் பைக்குள் வைத்துவிட்டு ரோல்ஸ் சுருட்டப் போய்விட்டேன்.

இன்று செவ்வாய்க்கிழமை, உணவகம் பூட்டு. அப்பாவும் வேலைக்குப் போய்விட்டார். ஆறுதலாக உட்கார்ந்து தமிழில் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் ஆண்டு வரை படித்தவன் நீ; எழுத்துக் கூட்டி இதை வாசித்து முடிக்க உனக்கு ஒரு மணித்தியாலம் பிடிக்கும். அதுவும் நல்லதுதான், அந்த ஒரு மணித்தியாலமும் நீ குறுக்கே பேசமாட்டாய். கிளேரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. பெற்ற மகனை ஏன் உன் அம்மா தம்பி என்று கூப்பிடுகிறார் என்று அந்தப் பிள்ளை இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறதாம். எங்கள் பக்கத்தில் அது செல்லம் என்று விளங்கப்படுத்திவிடு.

உங்கள் கலியாணத்துக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. “நான் வரமாட்டேன், நீயே நடத்திக்கொள்” என்று சமையலறைக்குள் நின்றுகொண்டு நான் கத்தி மூன்று கிழமை ஆகிவிட்டது. நீ கொண்டுவந்த அழைப்பிதழ்ப் பெட்டி சப்பாத்துத் தட்டில் வைத்தபடி இருக்கிறது. ஏன் வரமாட்டேன் என்றேன் என்பதை நீ பிழையாக விளங்கியிருக்கிறாய். கச்சேரியில் என் மானம் கப்பல் ஏறியதால் என்று நினைக்கிறாய். அது பாதிதான். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால், எனக்கு அந்த நாளை முதலிலிருந்து சொன்னால்தான் வரும்.

சம்பந்தி வீட்டாரை முதல்முதலில் பார்க்கப் போவதென்றால் எங்களுக்கு ஒரு முறை இருக்கிறது. பழத்தட்டு, பலகாரம், ஒருவர் வீட்டு வரவேற்பறை, யாருக்கு யார் என்ன முறை என்று ஒரு அலசல். கிளேரின் அம்மா மர்த்தின் அப்படி எதுவும் கேட்கவில்லை. “நான் வேலை செய்வதை வந்து பாருங்கள்” என்று நான்கு டிக்கெட் அனுப்பினார். பெரிய வாத்தியக் குழுவில் முப்பத்துநான்கு வருடமாகத் தட்டுகிற கருவிகள் வாசிப்பவர் அவர். டிரம், மணி, பித்தளைத் தட்டு, கம்பி, சங்கிலி, இன்னும் பெயர் தெரியாத எத்தனையோ. எனக்கு அந்த அழைப்பு பிடித்துத்தான் இருந்தது. என்னுடைய வேலையைப் பார்க்க வாருங்கள் என்று யாரையாவது கூப்பிடும் எண்ணம் எனக்கு இருபத்துநான்கு வருடத்தில் ஒரு தரம்கூட வந்ததில்லை.

வெறுங்கையோடு போவதெப்படி? ஒரு கலைஞரைப் பார்க்கப் போனால் பொன்னாடை போர்த்துவது நம் வழக்கம். அதிலும் பெண் கலைஞர் என்றால் பெண்தான் போர்த்த வேண்டும். சங்கத்து விழாக்களில் இருபது வருடமாக அந்தப் பொறுப்பு என்னுடையது என்பது உனக்குத் தெரியும். நம்முடைய பொன்னாடைகள் ஒரு தோளில் தங்குவதில்லை என்பதும் தெரியும். போன வருடம் நடன ஆசிரியைக்குப் போர்த்தது இந்த வருடம் மிருதங்க ஆசிரியரிடம் போய்ச் சேரும். எங்கள் அலுமாரியிலும் அப்படி மூன்று கிடக்கின்றன. ஆனால் சம்பந்திக்குப் பழையதைப் போர்த்த மனம் வரவில்லை. லா ஷப்பலில் நம் தமிழ்க் கடைகள் எல்லாம் ஏறி இறங்கி, மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை போட்ட புதியது ஒன்று வாங்கினேன். கிளேரிடம் போனில் கேட்டேன், உன் அம்மாவுக்கு ஒரு மரியாதை செய்யப் போகிறேன், சரியோ என்று. “உயி, உயி, கடைசியில்” என்று சம்மதித்தாள். நம் வழக்கப்படி அதற்கு என்ன அர்த்தம்? ஏற்பாடு ஆகிவிட்டது என்று அர்த்தம். நிகழ்ச்சி நடத்துபவரின் காதில் போட்டு வைப்பார்கள், அவர் நேரம் பார்த்துக் கையைக் காட்டுவார், நாங்கள் எழுந்து போவோம். அந்தப் பிள்ளை சொன்ன கடைசி, எல்லாம் முடிந்து வெளியே கொடுத்து வைத்த கோட்டைத் திரும்ப வாங்குகிற இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு பின்னேரம் நான்கு மணி. காஞ்சிபுரம் கட்டி, இரண்டு கையிலும் ஆறு ஆறு காப்புப் போட்டுக்கொண்டு வந்தேன். உங்கள் இருவருக்கும் முன்பக்கத்தில் மூன்றாவது வரிசை, எனக்கும் அப்பாவுக்கும் மேடைக்குப் பின்பக்கம். சம்பந்தியைப் பின்னுக்கு இருத்துவதா என்று முதலில் எனக்குச் சுரீர் என்றது. உட்கார்ந்த பிறகுதான் விளங்கியது, தன்னைப் பார்ப்பதற்காகவே மர்த்தின் அந்த இடத்தை எடுத்திருக்கிறார். வாத்தியக் குழுவின் கடைசி வரிசையில் அவர் நின்றார். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நான்கு படியும் ஒரு தாழ்வான கம்பித் தடுப்பும் மட்டும்தான். தடுப்புக்கு மேலால் கையை நீட்டினால் அவருடைய தோள் எட்டும். எங்களுக்கு நேர் எதிரே, எங்களைப் பார்த்தபடி, குழுவை நடத்துகிறவர். அவரையும் இங்கே செஃப் என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் சமையலறைச் செஃப்பைப் போலவே அவரும் கண்ணாலேயே ஆட்களை ஏசினார்.

முதலில் வாசித்தது நூறு வருடத்துக்கு முந்தையதாம். அது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது. இடையிடையே ஒரு பகுதி முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, எல்லோரும் இருமினார்கள். அவ்வளவு நேரமும் இருமலைச் சேர்த்து வைத்திருந்து ஒன்றாக இருமுகிற சனத்தை நான் இதற்கு முதல் கண்டதில்லை. இடைவேளைக்குப் பிறகுதான் அந்தப் புதியது. எழுதியவர் ஒரு இளம் பெண், அந்த மண்டபத்திலேயே இருந்தார். முப்பத்தொரு நிமிடம் என்று தாளில் போட்டிருந்தது. நானும் ராகம் தேடினேன், கிடைக்கவில்லை. தாளம் தேடினேன், பிடித்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு போனது. வயலின்காரர்கள் வயலினைத் திருப்பிப் பிடித்து முதுகில் தட்டினார்கள். மர்த்தின் வயலின் வில்லை எடுத்துப் பித்தளைத் தட்டின் விளிம்பில் இழுத்தார். ஈரக் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது, எனக்குப் பல் கூசியது. பிறகு பத்து நிமிடத்துக்கு அவருக்கு வேலையே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “இதுக்கோ மாதச் சம்பளம் குடுக்கிறாங்கள்?” என்று அப்பா என் காதுக்குள் கேட்டார். ஆனால் எனக்கு அந்த முதுகிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. சும்மா நிற்கிற ஆளின் முதுகு அப்படி இருக்காது. அவர் எதையோ எண்ணிக்கொண்டே இருந்தார்.

பிறகு எல்லாம் நின்றது. வயலின்காரர்கள் வயலினை இறக்கி மடியில் வைத்தார்கள். குழல்காரர்கள் குழலை இறக்கினார்கள். செஃப் எங்கள் பக்கம் பார்த்து, இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை விரித்தார். மர்த்தின் எங்கள் கோயில் சேமக்கலத்தைப் பத்து மடங்கு பெருப்பித்த மாதிரித் தொங்கிய ஒரு வெண்கலத் தட்டின் முன்னால், எங்களுக்கு முதுகு காட்டியபடி நின்றார். ஒரு சத்தமும் இல்லை. அப்பா முழங்கையால் இடித்தார்.

“முடிஞ்சுது. உம்மைத்தான் கூப்பிடுறார். போம், போம்.”

“பொறுங்கோப்பா, ஒருத்தரும் கைதட்டேல்லை.”

“நீர் போர்த்தினாப் பிறகுதான் தட்டுவாங்கள். சபையைக் காக்க வைக்காதையும்.”

போனேன். நான்கு படி. பன்னிரண்டு காப்பும் குலுங்கியது எனக்கே கேட்டது. தடுப்புக்கு மேலால் எட்டி, அந்தப் பொன்னாடையை விரித்து, முறைப்படி அவர் தோளில் போர்த்தினேன். அவர் தோள் ஒரு தரம் துள்ளியது. ஆனால் திரும்பவில்லை. எங்கோ ஒருவர் சிரித்தார், பிறகு பலர் சிரித்தார்கள், இரண்டு பேர் கைதட்டினார்கள். கறுப்புச் சட்டை போட்ட ஒரு பிள்ளை வந்து என் முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கதவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனது. கதவடியில் நான் திரும்பிப் பார்த்தேன். மேடைக்குப் பின்னால் நிற்கிற எனக்கு முழுச் சபையும் முகம் காட்டி இருந்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் நீ மட்டும் தலையைக் குனிந்து நிகழ்ச்சித் தாளை வாசித்துக்கொண்டிருந்தாய்.

இதுதான் நீ விளங்காத மற்றப் பாதி. சிரித்தவர்கள் யாரோ எவரோ, அவர்களை எனக்குத் தெரியாது, போகட்டும். நீ எழும்பவில்லை. எழும்பி என்ன செய்திருக்கலாம் என்று கேட்டால் எனக்கும் தெரியாது. ஆனால் நீ அந்தத் தாளை வாசித்தது என் நெஞ்சில் முள்ளாகக் குத்தி நின்றது. நீ எட்டுத் தரம் போன் எடுத்தாய், நேரில் வந்தாய், வந்தும் “ஸே பா கிராவ், மமோ” என்றாய். பரவாயில்லையாம். அப்பாவும் பரவாயில்லை என்றார், தான் பிடித்துத் தள்ளியதை முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது போல மறைத்துக்கொண்டு. கிளேரும் அதையே எழுதி ஒரு பூவும் அனுப்பினாள். எல்லோரும் பூசி மெழுகினால் நான் யாரோடு சண்டை பிடிப்பது? அந்தக் கோபத்தில்தான் வரமாட்டேன் என்றேன்.

ஆனால் தம்பி, கோபம் ஒரு பக்கம் இருக்க, இன்னொன்று கிடந்து அரித்தது. அந்த மௌனத்துக்குப் பிறகு என்ன வந்தது? எனக்குப் பின்னால் கதவு சாத்திவிட்டார்கள், ஒன்றும் கேட்கவில்லை. இடியப்பம் பிழியும்போது நினைப்பேன், ரயிலில் நினைப்பேன். அவ்வளவு பேரும் கையை இறக்கிவிட்டு எதற்காகக் காத்திருந்தார்கள்? மர்த்தினின் கையில் பஞ்சுத் தலை வைத்த கோல் ஒன்று இருந்ததே, அது அடித்ததா, இல்லையா? உன்னிடம் கேட்க ரோசம் விடவில்லை. கடையில் வேலை செய்யும் பிள்ளை ஒன்றைப் பிடித்துப் போனில் தேட வைத்தேன். அதே குழு, அதே நிகழ்ச்சி, இரண்டு கிழமை கழித்து ஒரு புறநகர் நகரசபை அரங்கில், ஞாயிறு பின்னேரம். முதலாளியிடம் பல்வலி என்றேன். அப்பாவிடம் கோயில் என்றேன். ஐம்பத்தெட்டு வயதில், கச்சேரி கேட்பதற்காக இரண்டு பொய் சொன்னேன்.

காப்பு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். சாதாரண கால்சட்டை, சாம்பல் நிறக் கோட்டு, கடைசி வரிசை. இந்த முறை ராகம் தேடவில்லை. சமையலறையில் பத்து அடுப்பும் எரியும்போது எது பொங்குகிறது, எது அடிப்பிடிக்கிறது என்று திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். அந்தக் காதைத்தான் தீட்டிக்கொண்டு இருந்தேன். அப்போது ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கியது. ஒரு செல்லோ தொடங்கியதை மூன்று வரிசை தள்ளி ஒரு குழல் முடித்து வைத்தது. வில்லால் இழுத்த அந்தப் பல் கூசும் சத்தத்தை வயலின்கள் வாங்கிக்கொண்டு போய், ஐந்து நிமிடம் கழித்து மெலிதாகத் திருப்பிக் கொண்டுவந்தன. பிடித்ததா என்று கேட்காதே. பாதி நேரம் பிடிக்கவில்லை. ஆனால் அடுத்தது என்ன என்று அறியாமல் எழுந்து போக முடியவில்லை.

அந்த இடம் வந்தது. வயலின்கள் மடியில் இறங்கின. செஃப்பின் இடது கை உயர்ந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது, இரண்டு மூச்சோ, ஏழு மூச்சோ. நான் யோசித்தது நம்முடைய கலியாணங்களை. தாலி கட்டுகிற அந்த ஒரு நிமிடத்தில் நாங்கள் என்ன செய்கிறோம்? கெட்டிமேளம். ஒரு தும்மல்கூடக் காதில் விழக்கூடாது என்று உலகத்துச் சத்தத்தை எல்லாம் கொண்டுவந்து கொட்டுகிறோம். இவர்கள் தங்களுக்கு முக்கியமான நிமிடத்தில் இருக்கிற சத்தத்தை எல்லாம் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே பயம்தானோ என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது மர்த்தினின் கோல் அசைந்தது. பெரிய அடி விழப்போகிறது என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். விழவில்லை. அந்த ஆளுயரத் தட்டில் அவர் கோலை வைத்ததுதான் தெரியும், சத்தம் எப்போது தொடங்கியது என்று தெரியாது. அவ்வளவு மெல்லியது. முழு மண்டபமும் முன்னுக்குச் சாய்ந்தது. மெல்ல மெல்ல அது பெருத்து, தரை வழியாக என் பாதத்துக்கு வந்தது. அப்போது எனக்கு உடம்பு கூசியது. அன்றைக்கு என் காப்புச் சத்தத்துக்குள் இது எங்கே கேட்டிருக்கும்?

சத்தம் போடாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. சனம் கலைந்தது, வயலின்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள், மேடையில் மர்த்தின் மட்டும் நின்றார். தட்டுகிறவர்களுக்குத்தான் கட்டிவைக்கச் சாமான் அதிகம், எப்போதும் கடைசியாகப் போவது அவர்கள்தான் என்று பிறகு சொன்னார். அந்தத் தட்டைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். அவர் பிரெஞ்சில் பேசியதை நான் என் தமிழில் எழுதுகிறேன். என் பிரெஞ்சு எப்படி என்று உனக்குத் தெரியும், அதையும் திருத்தியே எழுதுகிறேன்.

வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே கேட்டேன். “மதாம், அண்டைக்கு இந்த அடி விழுந்ததோ?”

“விழுந்தது. பிந்தி விழுந்தது. ஒருத்தருக்கும் கேக்கேல்லை, சனம் சிரிச்சுக்கொண்டிருந்தது.”

“உங்களுக்குக் கோபமோ?”

அவர் போர்வையின் முடிச்சை இறுக்கினார். “ஓம். சரியான கோபம். அதை எழுதின பிள்ளைக்கு அது முதல் பெரிய மேடை. முகம் சுருங்கிப்போச்சு. நான் ரெண்டு நாள் கிளேரோடை கதைக்கேல்லை, ஒழுங்காச் சொல்லி வைக்கேல்லை எண்டு.”

நம்புவாயோ தெரியாது, எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கினது போல இருந்தது. இரண்டு கிழமையில் முதல்முதலாக ஒருவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவர் கோபம் என்று சொன்ன பிறகுதான் எனக்கு மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. கேட்டேன். அவர் தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். கலியாணம் செய்யப் போகிறவனுக்கு அம்மா சொல்லும் புத்தி என்றால் இது ஒன்றுதான். வீட்டில் நொந்தால் நொந்தது என்று சொல்லு. ஸே பா கிராவ் என்று சொல்லிச் சொல்லி ஆளைக் கிழமைக்கணக்கில் அந்தரத்தில் தொங்கவிடாதே.

பிறகு கேள்வி கேட்கிற முறை அவருக்கு வந்தது. “அந்தச் சால்வை வீட்டுக் கதிரையிலை கிடக்குது. அது என்னத்துக்கு? உங்கடை மகனிட்டைக் கேட்டன், அது ஒரு பழக்கம் எண்டு மட்டும் சொன்னார்.” ஒரு பழக்கமாம்! நான் இருந்து விளங்கப்படுத்தினேன், யாருக்குப் போர்த்துவது, ஏன் போர்த்துவது, அது எப்படிக் கைமாறிக் கைமாறி ஊர் சுற்றும் என்பது வரைக்கும். அந்தக் கடைசிக் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, “பூச்செண்டு எல்லாம் முன்னாலை நிக்கிறவைக்குத்தான் குடுக்கிறது. பின்வரிசைக்கு ஒருத்தரும் ஒண்டும் கொண்டு வாறேல்லை” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போர்வையை மறுபடி அவிழ்த்தார்.

என்னையும் அடித்துப் பார்க்கச் சொன்னார். மெல்லத்தான் வைத்தேன், மண்டபமே அதிர்ந்தது. இரண்டாம் தரமும் அப்படித்தான். மூன்றாம் தரம் அந்த இரகசியத்தைக் காட்டினார். அடிப்பதற்கு முதல், யாருக்கும் கேட்காதபடி விரல் நுனியால் தட்டைத் தொட்டுத் தொட்டு எழுப்ப வேண்டுமாம். குளிர்ந்து கிடக்கிற வெண்கலம் உடனே பேசாதாம். அப்படியென்றால் அந்த மௌனத்தில் அவர் சும்மா நிற்கவில்லை. நான் முடிந்துவிட்டது என்று எழும்பி வந்த நேரம், அவர் வேலையைத் தொடங்கியிருந்திருக்கிறார்.

போகிற நேரத்தில் அவர் கைப்பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார். நீ எழுதிக் கொடுத்த கலியாண ஒழுங்கு. பிரெஞ்சில் இருபத்துமூன்று இலக்கம் போட்டிருந்தாய். சிவப்புப் பேனாவால் கோடு கோடாகக் கீறி வைத்திருந்தார்.

“எனக்குப் பயமாக் கிடக்கு. எப்ப எழும்புறது, எப்ப இருக்கிறது? இந்த அரிசியை எப்ப எறியிறது? முந்தி எறிஞ்சால் என்ன நடக்கும்?”

“தாலி கட்டேக்கை மேளம் பெரிசாக் கேக்கும். அப்ப.”

“எத்தினை எண்ணினாப் பிறகு?”

“எண்ணுறேல்லை மதாம். ஐயர் கையைத் தூக்கிக் காட்டுவார்.”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “செஃப் கையைத் தூக்கினால் சில நேரம் பொறு எண்டும் கருத்து. உங்களுக்குத் தெரியும்தானே?”

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவருடைய கை அந்தத் தாளில் மறுபடி முதல் இலக்கத்துக்குப் போய் எண்ணத் தொடங்கியதை நான் கண்டேன். முப்பத்துநான்கு வருடம் ஒரு அடி பிந்தாத கை, என்னால் ஒரு தரம் பிந்திய கை. நம்முடைய சனம் நானூறு பேர் வரப்போகிறார்கள். அவர்கள் சிரிப்பார்கள், தம்பி. பொல்லாத சனம் என்று இல்லை, நானும் அவர்களில் ஒருத்திதான், நானும் சிரித்திருப்பேன்.

அன்று ரயிலில் வரும்போது உன்னைப் பற்றி ஒன்று ஞாபகம் வந்தது. அதைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நான் யோக்கியமானவள் இல்லை. உனக்குப் பதினொரு வயது. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா, பேச்சுப் போட்டி. பாதியில் உனக்கு மறந்துவிட்டது. மேடையில் நின்று திருதிருவென்று முழித்தாய். உன் கண் சபைக்குள் என்னைத் தேடியது. எனக்கு இரண்டு பக்கமும் சங்கத்துப் பெண்கள் இருந்தார்கள். நான் குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடினேன். ஒன்றையும் தேடவில்லை. இந்தப் பிள்ளை யாருடையது என்று அந்த நிமிடம் யாரும் கேட்டுவிடக்கூடாது என்று இருந்தது. அடுத்த வரியை வாயசைத்துக் காட்டியிருக்கலாம், எனக்கு முழுப் பேச்சும் பாடம், உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். வீட்டுக்கு வந்து “பரவாயில்லை அப்பன்” என்றேன். நீ சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனாய். அதற்குப் பிறகு நீ எந்த மேடையிலும் ஏறவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

ஆகவே நிகழ்ச்சித் தாளை வாசித்ததற்கு நான் உன்னோடு கோபிக்க ஏலாது. நொந்தது, அதைச் சொல்லிவிட்டேன். என்னால் உனக்கும் நொந்திருக்கும், அதை நீ ஒரு நாள் சொல்லு. குறுக்கே பேசாமல் கேட்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன், ஆனால் முயற்சி செய்வேன்.

உன் கேள்விக்குப் பதில், வருகிறேன். மாப்பிள்ளையின் தாய் நிற்க வேண்டிய இடத்தில் நிற்க வேண்டிய நேரம் நிற்பேன். ஆனால் தாலி கட்டுகிற நேரம் நான் பெண் வீட்டார் பக்கம் போய் மர்த்தினுக்குப் பக்கத்தில் நிற்பேன். முறை இல்லை என்று உன் பெரியப்பா ஏதும் சொன்னால் என்னிடம் அனுப்பிவிடு. மர்த்தினின் கையில் இருக்கிற அளவு அட்சதை என்னுடைய கையிலும் இருக்கும். நான் ஐயரைப் பார்க்கமாட்டேன், மேளத்தைக் கேட்கமாட்டேன், அவருடைய கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன். பயத்தில் அவர் முந்தி எறிந்தால், அதே நேரம் நானும் எறிவேன். யார் முதலில் எறிந்தது என்று ஐயர் கேட்டால், நான்தான் என்று சொல்லுவேன்.

அம்மா